நெஞ்சுக்குள் விசில்

மார்கழியில் ஒரு நாள் காலை, வெளிநாட்டுப் புகை வந்து வட மாகாணத்துக்கு மேலே நிற்கிறது என்று வானொலி சொன்னது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். வெளியே போகிறவர்கள் முகக்கவசம் போட வேண்டும் என்றார்கள். கனகராயன்குளத்திலிருந்து உள்ளே, காட்டுக்கரையில் இருந்த குடியேற்றத்துச் சனத்துக்கு இந்தச் செய்தி பயத்தைவிட ஆறுதலைத்தான் கொடுத்தது. பழி போட ஓர் ஆள் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? எந்த நாட்டுப் புகை, எந்த வழியால் கடல் கடந்தது என்று சந்திக் கடையில் தேத்தண்ணி ஆறும்வரை வாதாடினார்கள். வாதாடிக் களைத்தவர்கள் பின்னேரம் எழும்பிப் போய், வழக்கம்போல ஆளுக்கொரு பழைய வாகன ரயருக்கு மண்ணெண்ணெய் ஊற்றி நெருப்பு வைத்தார்கள்.

அதில் அஜந்தனும் ஒருவன். ஒருவன் என்ன, அந்த வேலையைத் தொடக்கி வைத்தவனே அவன்தான்.

அவனுடைய தகப்பன் காலத்தில் கலவரத்துக்குப் பயந்து, தேயிலைத் தோட்டங்களை விட்டு இறங்கி வந்த குடும்பங்கள்தான் அங்கே அதிகம். காடு வெட்டிக் குடியேறினார்கள். சண்டையில் இடம்பெயர்ந்தார்கள். திரும்பி வந்து மறுபடியும் காடு வெட்டினார்கள். யானைகள் மட்டும் எங்கேயும் போகவில்லை. கதிர் பால் பிடிக்கிற காலத்தில் வாசம் பிடித்துக்கொண்டு வயலுக்கு வந்துவிடும். பொழுதுபட்டால் அங்கே ஒருவரும் யானை என்று வாய் திறந்து சொல்லமாட்டார்கள். பெரியவர் என்பார்கள். பெயரைச் சொன்னால் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து வந்துவிடுமாம்.

அஜந்தனின் அண்ணன் ஆண்டியப்பனைப் பெரியவர்தான் கொன்றார். ஊரே ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்த அன்று ஆண்டியப்பன் தனியாகக் காவல் நின்றான். அடுத்த நாள் அவனைக் காட்டுக்குள் போகிற விறகுப் பாதையில் கண்டெடுத்தார்கள். சாக்கு விரித்து அள்ளி எடுத்தவர்களில் அஜந்தனும் ஒருவன். அன்றிலிருந்து கிளை ஒடிகிற சத்தம் அவனுக்கு ஆகாது. பகலில் மனைவி விறகு முறித்தாலும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பான்.

அடுத்த போகத்தில் புளியங்குளம் சந்தியில் ஒரு ரயர்க் கடையின் பின்புறம் குவிந்து கிடந்த பழைய ரயர்களைக் கேட்டு வாங்கி, லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். விறகு நெருப்பு பாதி இராத்திரியில் படுத்துவிடும். ரயர் அப்படியில்லை, விடியும்வரை எரியும். அதன் கறுத்த புகையைத் தாண்டி அந்தப் போகத்தில் ஒரு யானையும் வயலில் இறங்கவில்லை. ஊர் அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. நெல் தப்பியதைவிட அவர்களுக்குப் பெரிய சந்தோசம் நித்திரை கிடைத்தது. முன்பெல்லாம் வீட்டுக்கொருவர் கண்விழித்து, தகரம் தட்டி, ஊய் ஊய் என்று கத்தித் தொண்டை கட்டிப்போவார்கள். இப்போது நெருப்பை வைத்துவிட்டுப் பாயில் சரியலாம்.

வயல்காரர் சங்கத் தலைவர் கணபதி ஐயா இதை ஒரு முறையாகவே ஆக்கிவிட்டார். கதிர் வந்த நாள் தொடக்கம் அறுவடை வரைக்கும் குளக்கட்டு வீதி ஓரத்தில் வீட்டுக்கொரு ரயர். முதல் நெருப்பு தலைவருடையது. அது பற்றிய பிறகுதான் மற்றவர்கள் தீப்பெட்டியை எடுக்கலாம். கோயிலில் முதல் மரியாதை வாங்குகிறவர்போல அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்க் கொளுத்துவார்.

சுமித்திராவுக்கு மூச்சிழுக்கிற முட்டு வந்தது அதற்கு அடுத்த வருடம்.

அஜந்தனுக்கு ஒரே பிள்ளை. முதலாம் வகுப்புக்குப் போகிறாள். முட்டு இழுக்கிறபோது அவளுடைய நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய விசில் சத்தம் ஒன்று வரும். "அப்பா, உள்ளுக்குள்ளை ஒராள் விசில் ஊதுறார்" என்பாள். அவன் அவள் நெஞ்சில் காதை வைத்து, "ஓம் ஓம், யாழ்தேவி வருது. ரயில் கேற்றைப் பூட்டுங்கோ" என்பான். அவள் இருமலுக்கு நடுவில் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக விளையாட்டுக் காட்டினானே தவிர, அந்த விசில் அவனுக்கும் பிடிக்கவில்லை. அது எப்போது நிற்கும் என்றுதான் காத்துக்கொண்டிருப்பான்.

ஆஸ்பத்திரியில் வாய்க்குள் மருந்து அடிக்கிற பம்ப் கொடுத்தார்கள். புகை, தூசி படக்கூடாது என்றார்கள். மனைவி ஜெயரூபி அன்றே குசினி அடுப்பை வெளியே தூக்கி வைத்தாள், சாம்பிராணியை நிறுத்தினாள், தலையணை உறையைத் தினமும் தோய்த்தாள். வீதியோரத்து ரயரை மட்டும் இருவரும் பேசவில்லை. பேசினால் ஆண்டியப்பனைப் பற்றியும் பேச வேண்டி வரும்.

அந்தப் பேச்சை எடுத்தவர் பிரேமினி மிஸ். தாய் பிள்ளைகளின் சுகம் பார்க்கிற குடும்பநல மாது. முல்லைத்தீவுக் கரையோரத்துக்காரி. வீடு பார்க்க வந்த இடத்தில், கொடியில் காய்ந்த சுமித்திராவின் வெள்ளைச் சட்டையை விரலால் தேய்த்துப் பார்த்தார். விரல் கறுத்தது. நேரே சங்கக் கூட்டத்துக்கு வந்து, ரயர் எரிக்கிறதை நிப்பாட்டுங்கோ என்று கேட்டார். இந்த ஊரில் எத்தனை பிள்ளைகள் இருமுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா என்றும் கேட்டார்.

கணபதி ஐயா சிரித்தார். "மிஸ், உங்கடை ஊரிலை கடல். கடலுக்குக் கால் இல்லை. எங்கடை காட்டுக்கு நாலு கால் இருக்கு."

"கடலுக்குக் கால் இல்லையெண்டு எனக்குச் சொல்லாதேங்கோ ஐயா. சுனாமி வந்த அண்டு அது எங்கடை கோயில் வாசல்வரைக்கும் நடந்து வந்தது. பயம் எனக்கும் தெரியும். ரயர் வாறதுக்கு முந்தி நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"நித்திரை முழிச்சனாங்கள்."

"அதைத்தான் கேக்கிறன். முறை போட்டு முழியுங்கோ. யானை விரட்டுற வெடி எடுத்துத் தர நானும் அலைஞ்சு திரியிறன்."

எல்லோரும் அஜந்தனைப் பார்த்தார்கள். பிள்ளைக்கு முட்டு என்று ஊருக்குத் தெரியும். அண்ணனை எப்படி அள்ளினான் என்றும் தெரியும். அஜந்தன் தரையைப் பார்த்துக்கொண்டு, "இந்தப் போகம் போகட்டும் மிஸ்" என்றான். மிஸ் குடையை எடுத்துக்கொண்டு போனார். ஒரு போகத்தில் பிள்ளைக்கு என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் அவன் நினைத்தான்.

வெளிநாட்டுப் புகை வந்த அன்று காற்றே இல்லை. ஒரு வேப்பிலைகூட அசையவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் பனி இறங்கியது. கணபதி ஐயா முதல் நெருப்பை வைத்தார். பிறகு வீதி நீளத்துக்கு ஒவ்வொன்றாகப் பற்றின. அஜந்தனும் தன் ரயரைக் கொளுத்தினான். வழக்கமாக மேலே எழும்பிப் போகிற புகை அன்று எழும்பவில்லை. பனிக்குக் கீழே படுத்து, வீதியை மூடி, மெல்ல மெல்ல வீடுகளின் பக்கம் வந்தது.

அவன் வீட்டுக்கு வந்தபோது ஜெயரூபி வாசலில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது.

"பம்ப் அடிச்சனான். திருப்பியும் அடிச்சனான். கேக்கேல்லையப்பா. அம்புலன்சுக்கும் எடுத்தனான். கண்டி வீதிக்குக் கொண்டு வரட்டாம், உள்ளுக்கு வர நேரமெடுக்குமாம்."

சுமித்திரா கட்டிலில் முன்பக்கம் குனிந்து, இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு இருந்தாள். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போனது. விசில் அறை முழுக்கக் கேட்டது. தகப்பனைக் கண்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். சொல்லுக்குக் காற்றுப் போதவில்லை.

மோட்டார்சைக்கிளை எடுத்தான். பிள்ளையை நடுவில் வைத்து, ஜெயரூபி பின்னால் ஏறி, தன் சால்வையால் பிள்ளையையும் அவனையும் சேர்த்துக் கட்டினாள். குளக்கட்டு வீதியால் போனால் கண்டிக்குப் போகிற பெருவீதி கிட்ட. ஏறின கையோடு லைற் வெளிச்சம் கறுப்புச் சுவரில் முட்டி நின்றது. எரிகிற ரப்பர் வாடை தொண்டையைப் பிடித்தது. கொஞ்சத் தூரம்தான் போயிருப்பான், முதுகோடு ஒட்டியிருந்த சின்ன உடம்பு உதறத் தொடங்கியது.

"திருப்புங்கோ! பிள்ளை சாகப்போகுது, திருப்புங்கோ!"

திருப்பினான். புகைக்கு வெளியே வந்து நிறுத்தினான். அணைத்துவிட்டுப் போகலாம் என்றால் அது ஒரு நெருப்பா? வீதி நீளத்துக்கு எரிகிறது. ரயர் நெருப்பு தண்ணிக்கும் மசியாது. அணைந்தாலும் காற்றில்லாத வெளியில் அந்தப் புகை எங்கே போகும்? தான் கொண்டுவந்து இறக்கிய நெருப்பு தன் பிள்ளைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் கிடக்கிறது என்று நினைத்தபோது அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

மற்ற வழி விறகுப் பாதை. அண்ணன் கிடந்த பாதை. அந்தப் பக்கம் அவன் பகலில்கூடக் காலடி வைத்ததில்லை.

ஜெயரூபி அதைச் சொல்லவில்லை. அவன்தான் சொன்னான். "இறுக்கிப் பிடி. காட்டாலை போறன்."

பாதை இருண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் பாலை, வீரை மரங்கள் நெருங்கி நின்றன. பள்ளத்தில் சில்லு விழுந்து எழும்பும்போதெல்லாம் விசில் அறுந்து அறுந்து வந்தது. பாதி வழி தாண்டியிருப்பான். முன்னால் மரக்கிளை ஒன்று படீரென்று ஒடிந்தது.

பாதையின் நடுவில் நின்றது. லைற் வெளிச்சத்தில் முதலில் கால்கள்தான் தெரிந்தன. அதற்குப் பின்னால் இன்னொன்று, பக்கத்தில் ஒரு குட்டி. வயலுக்கு வழக்கமாக இறங்குகிற வழியைப் புகை அடைத்துவிட, எல்லாம் இந்தப் பக்கம் வந்து நின்றன. இதைக்கூட அவனேதான் செய்திருந்தான்.

லைற்றை அணைத்தான். எஞ்சினையும் நிறுத்தினான். எஞ்சின் சத்தத்துக்குக் கோபம் வந்து துரத்தும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன். திருப்ப இடமில்லை. திரும்பினாலும் புகை. குட்டியோடு நிற்கிற யானை எப்படிப்பட்டது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அண்ணன் கட்டியிருந்த சாரம் கிழிந்து முள்ளில் தொங்கியது கண்ணுக்குள் வந்தது.  மோட்டார்சைக்கிள் சரிந்துவிடாமல் இரண்டு காலையும் ஊன்றிப் பிடித்துக்கொண்டான்.

எல்லாம் அடங்கிய அந்த இருட்டில் பிள்ளையின் நெஞ்சு விசில் மட்டும் கேட்டது. வீட்டில் மெல்லியதாகக் கேட்டது இங்கே ஊரைக் கூப்பிடுகிறதுபோல இருந்தது. யானை மண்ணை வாரித் தூவியது. தூசி இவர்களுடைய முகத்தில் விழுந்தது.

முருகா, இந்தச் சத்தத்தை நிப்பாட்டு. கொஞ்ச நேரத்துக்கு நிப்பாட்டு என்று மனதுக்குள் கெஞ்சினான்.

சத்தம் நின்றது.

ஜெயரூபி அவன் காதுக்குள் மூச்சாகச் சொன்னாள். "விசில் நிண்டிட்டுதப்பா. பம்ப் இப்பதான் பிடிச்சிருக்குப் போலை. நித்திரையாகிறாள்."

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. முருகன் கேட்டுவிட்டான் என்று நினைத்தான். முதுகில் சாய்ந்திருந்த பிள்ளை அசையாமல் இருந்தாள். அந்தப் பாரம் அவனுக்குச் சுகமாக இருந்தது. இப்போது யானை போகிறவரைக்கும் காத்திருக்கலாம், அவசரமில்லை என்று தோன்றியது. அப்படியே நின்றார்கள். குட்டியும் பின்னால் நின்றதும் முதலில் பற்றைக்குள் புகுந்தன. பெரியது இன்னொரு கிளையை ஒடித்து, தின்று, ஆறுதலாகத் திரும்பி அவற்றின் பின்னால் போனது. அதற்குப் பிறகும் அவன் கொஞ்சம் பொறுத்தான். எல்லாச் சத்தமும் தூரமாகப் போகட்டும் என்று பொறுத்தான்.

கண்டி வீதியில் அம்புலன்ஸ் இன்னும் வந்திருக்கவில்லை; நேரே ஆஸ்பத்திரிக்கே ஓட்டினான். ஆஸ்பத்திரி வெளிச்சத்தில் சால்வையை அவிழ்த்தபோதுதான் பிள்ளையின் உதட்டைக் கண்டார்கள். நாவற்பழம் தின்றதுபோல இருந்தது. தாதி ஒருத்தி அவளைப் பறித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். டொக்டர் குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார். இடம் மாற்றி வைத்தார். இன்னும் ஒருமுறை மாற்றி வைத்தார்.

"எப்ப இருந்து சத்தம் இல்லை?"

"வழியிலை நிண்டது டொக்டர். கொஞ்சம் சுகமாகித்தான்..."

டொக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "சுகமாகி நிக்கேல்லை. விசில் கேட்டால் கொஞ்சக் காத்தாவது போய் வருது எண்டு அர்த்தம். காத்தே போகாட்டி விசிலும் இல்லை" என்று சொல்லிவிட்டுத் திரையை இழுத்து மூடினார்.

அஜந்தன் சுவரோடு சரிந்து இருந்துவிட்டான். பிள்ளையின் மூச்சு நின்றுகொண்டிருந்த நேரத்தில், தான் அதற்காக முருகனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்ததை நினைக்க நினைக்க அவனுக்கு உடம்பு குளிர்ந்தது. ஜெயரூபி திரைக்குக் கீழே தெரிந்த சப்பாத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று அவர்களுக்குத் தெரியாது. உள்ளே ஏதோ மெசின் இரைந்தது. பிறகு, மிகவும் மெல்லியதாக, அந்த விசில் கேட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழும்பி நின்றார்கள். இருவரும் அழுதார்கள்.

அன்றே வவுனியாவுக்கு ஏற்றினார்கள். பொங்கல் கிட்ட வந்தபோதுதான் பிள்ளையை வீட்டுக்கு விட்டார்கள். அடுத்தமுறை இப்படி நடந்தால் தப்பாது என்று சொல்லித்தான் விட்டார்கள்.

வீட்டுக்கு வந்த அன்று பின்னேரம், அஜந்தன் ஒரு பழைய எண்ணெய்த் தகரத்தையும் தடியையும் எடுத்துக்கொண்டு குளக்கட்டு வீதிக்குப் போனான். கணபதி ஐயா மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வந்துகொண்டிருந்தார். வீதி நீளத்துக்கு ஆட்கள் தீப்பெட்டியோடு, முதல் நெருப்புக்காகக் காத்து நின்றார்கள்.

அஜந்தன் போய்த் தலைவருடைய ரயரின்மேல் குந்தி இருந்தான்.

"என்ன தம்பி இது? எழும்பு."

"எழும்பமாட்டன் ஐயா. கொளுத்துறதெண்டால் என்னையும் சேத்துக் கொளுத்துங்கோ."

"விசர்க் கதை கதையாதை. பொழுதுபடுது. பெரியவர் இறங்கினால் ஆர் பொறுப்பு? உன்ரை அண்ணனை மறந்திட்டியே?"

 அஜந்தன் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டான்.  "மறக்கேல்லை. அண்ணன் ஒராள் தனியாய் நிண்டபடியால்தான் போனவர். ஊரே சேர்ந்து நிண்ட நாளிலை பெரியவர் ஆரையும் தொட்டதில்லை, உங்களுக்குத் தெரியும். ஐயா, பெரியவர் வந்தால் சத்தம் கேக்கும். ஓடலாம், கத்தலாம். பிள்ளைக்கு மூச்சு நிண்டால் சத்தமே கேக்காது. நான் பக்கத்திலை இருந்தும் எனக்குக் கேக்கேல்லை. நித்திரையெண்டு நினைச்சனான்."

கணபதி ஐயா பதில் சொல்ல வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. குனிந்து, தொடையில் கையை ஊன்றி இருமினார். அந்த இருமலை வெளிநாட்டுப் புகைக்குமேல் போட இப்போது வழியில்லை. வெளிநாட்டுப் புகை எப்போதோ கலைந்துபோயிருந்தது. இருமி முடித்தவர் போத்தலை மூடி வரம்பில் வைத்தார். "இண்டைக்கு மட்டும்தான்" என்று முறைத்துக்கொண்டு, அதே ரயரின் மறுபக்கத்தில் அவரும் குந்தினார். முதல் நெருப்பு பற்றவில்லை. மற்றவர்கள் தீப்பெட்டியை மடியில் செருகினார்கள். சிலர் புறுபுறுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். சிலர் போய்த் தகரம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். போனவர்கள்தான் அதிகம்.

இருட்டியது. அவ்வளவு இருட்டை அந்த வீதி வெகுகாலமாகக் காணவில்லை. அஜந்தன் தொலைபேசியில் ஜெயரூபியை அழைத்தான்.

"பிள்ளைக்குப் பக்கத்திலை வை. கட் பண்ணாதை. நான் ஒண்டும் கதைக்கமாட்டன்."

 தலையணையில் தொலைபேசி உராய்கிற சத்தம் கேட்டது. அவன் தன்னுடையதைச் சட்டைப் பைக்குள் வைத்து, ஒலியைக் கூட்டினான்.

காட்டுக்குள் ஒரு கிளை ஒடிந்தது. கிட்டத்தான். கணபதி ஐயாவின் கை தகரத்தைத் தேடியது.  தடியை ஓங்கிய அஜந்தன் அப்படியே கொஞ்சம் பொறுத்தான். பைக்குள் ஒரு சத்தமும் இல்லை.

குனிந்து காதைப் பைக்குக் கிட்டக் கொண்டுபோனான். மெல்ல, வெகு தூரத்தில், பிள்ளையின் யாழ்தேவி ஊதியது.

"வருது" என்றான் அஜந்தன்.

"எங்கை? எந்தப் பக்கம்?" என்று கணபதி ஐயா பதறினார்.

அவன் தகரத்தை ஓங்கித் தட்டினான்.